சுவருக்காகப் பார்த்த தண்ணீர்

உங்களில் சிலருக்காவது நினைவிருக்க வேண்டும். ஒரு கோடையில் நாங்கள் எல்லோரும் விரல் நுனியில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தோம். பள்ளிக்கூட விறாந்தையில் வரிசையாக நிற்கவைத்து, ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கடதாசியில் ஒற்றி எடுத்தார்கள். அழாதவர்களுக்கு ஒரு டொபி என்றார்கள். அழுதவர்களுக்கும் டொபி கிடைத்தது என்று பிறகு தெரிந்தபோது எங்களுக்கு எவ்வளவு ஆத்திரம்! போன மாதம் கொக்குவிலில் ஒரு கலியாண வீட்டில் நாலைந்து பேர் ஒன்றாக இருந்தபோதும் அந்த டொபிக் கதைதான் வந்தது. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கோடை எங்கள் வளவுக்குள் வேறு மாதிரி நடந்தது. அதை நான் உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு அப்போது ஆளில்லாமல் கிடந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். வெங்காயம் கிண்டி முடிந்து, செம்மண் தோட்டங்கள் வெறுமையாய் வெடித்துக் கிடந்த நேரத்தில் ஒரு பழைய ஜீப் வந்து அந்தப் படலைக்கு முன்னால் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். பெட்டி பெட்டியாகக் கண்ணாடிச் சாமான்கள் இறங்கின. ஆராய்ச்சிக்காரர் என்றார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லே புதிது.

நாலு பேரும் நாலு விஷயத்துக்காக வந்தவர்கள். ஜீப்பும் வீடும் மட்டும்தான் பொது. ஒருவர் கிணறுகளுக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று தேடியவர். ஊரில் உள்ள கிணறு எல்லாவற்றுக்குள்ளும் சல்லடை மாதிரி ஒரு சின்ன வலையை இறக்குவார். கோயில் கிணற்றில் அவருக்கு நகத்தளவு ஒரு பூச்சி கிடைத்தது. இறால் மாதிரி, வெள்ளையாய், கண்ணே இல்லாமல். போத்தலுக்குள் விட்டு எங்களுக்குக் காட்டினார். இருட்டுக்குள்ளேயே பிறந்து இருட்டுக்குள்ளேயே சாகிற சாதி, அதற்கு எதற்குக் கண் என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொருவர் கிணற்று நீர் மட்டத்தை அளந்தவர். எங்கள் கிணற்றுக்குள் ஒரு மிதவையை விட்டு, அதன் நூலை ஒரு உருளையில் சுற்றி வைத்தார். உருளையில் இருந்த கடதாசியில் ஒரு பேனை தானாகவே கோடு கீறிக்கொண்டிருந்தது. யாரும் தண்ணீர் அள்ளாத நேரத்திலும் அந்தக் கோடு மெல்ல மெல்ல ஏறியது, இறங்கியது. கடல் ஏறி இறங்குவதைத்தான் கிணறு காட்டுகிறது என்று அவர் சொன்னார். கடல் எங்கே, நாங்கள் எங்கே! அப்பாவே நம்பவில்லை.

"உங்கடை கிணறு எண்டு தனிய ஒண்டு இல்லை ஐயா," என்றார் அவர். "கீழை எல்லாம் ஒரே தண்ணி. நீங்கள் மேலை ஓட்டை போட்டு வைச்சிருக்கிறியள், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் முற்றத்தில் காலை ஊன்றி நடக்கப் பயந்தேன். காலுக்குக் கீழே ஒரு பெரிய கறுத்த தண்ணீர் மூச்சு விடுகிறது என்ற எண்ணம் போகவேயில்லை.

மூன்றாமவரை நாங்கள் கல்லுக்காரர் என்று சொல்லுவோம். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீடுகள் ஏன் உதிருகின்றன என்று பார்க்க வந்தவர். எங்கள் வீட்டுச் சுவர்களில், முழங்கால் உயரத்துக்கு, பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு வெள்ளை உப்புப் பூத்திருக்கும். நானும் தம்பியும் அதைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்போம். ஐஸ் மாதிரிக் குளிரும். அந்த உப்பைத்தான் அவர் கத்தியால் சுரண்டிச் சின்னப் போத்தல்களில் சேர்த்தார். உப்பு எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காகக் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்தார்.

நாலாவது ஆள்தான் டொக்டரம்மா. பிள்ளைகளின் இரத்தம் எவ்வளவு வெளிறிப்போயிருக்கிறது என்று பார்க்க வந்தவ. ஒரு அட்டையில் வெளிறிய சிவப்பிலிருந்து கடும் சிவப்பு வரைக்கும் வரிசையாக நிறம் தீட்டியிருக்கும். கடதாசியில் ஒற்றிய துளியை அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பா. உயரமான மனுஷி. கைக்கடிகாரத்தை உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பா.

நாலு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மா சமைத்தா. நாலு பேரும் விறாந்தையில் வரிசையாக இருந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஆள் சிரித்துக் கதைப்பார்கள், ஆனால் வேலையைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. கல்லுக்காரருக்கு இரத்தம் என்றால் தலைசுற்றும். டொக்டரம்மாவுக்குக் கண்ணில்லாப் பூச்சி அருவருப்பு.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள். மற்றதில் அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா. சித்தப்பாவுக்குக் கொழும்பில் உத்தியோகம், மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து போவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. அப்பாவின் தோட்டமும் அந்த வேலிக்குப் பின்னால்தான் தொடங்கும். துலாவால் இறைத்த காலம் போய், அப்பா மெசின் வாங்கிப் பூட்டியிருந்தார். மூட்டை மூட்டையாக வெள்ளை உரம் வந்து இறங்கும். எறிந்து மூன்றாம் நாள் பயிர் கறுத்துக்கொண்டு எழும்பும். அப்பா வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்து நிற்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வேறெப்போதும் நான் கண்டதில்லை.

சின்னம்மாவுக்கு முதல் பிள்ளை முந்தின வருஷம் இறந்துபோனது. ஆண் பிள்ளை. பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்தான். சின்னம்மாவுக்குப் பால் போதவில்லை என்று அம்மா பால்மாவும் கரைத்துக் கொடுத்தா. சில கிழமைக்குள் பிள்ளை கறுக்கத் தொடங்கியது. சொண்டு கறுத்து, நகம் கறுத்து, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. அடுத்த ஊரிலிருந்து நாட்டு மருந்து கொடுக்கிற ஒரு பரியாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். "தாயின்ரை பால் பிழை," என்றார். அவ்வளவுதான். பிள்ளை போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் ஊரில் நின்றுவிட்டது. கோயிலில் சின்னம்மா பக்கத்தில் வந்து இருந்தால் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்கள் மெல்ல எழும்பி அந்தப் பக்கம் போவார்கள். சின்னம்மா அதைக் காணாத மாதிரி இருப்பா.

இரண்டாவது பிள்ளையும் ஆண்தான். ஆராய்ச்சிக்காரர் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பிறந்தான். இந்த முறை அம்மா ஒரே பிடியாக நின்றா.

"ஒரு சொட்டுக்கூட உன்ரை பாலைக் குடுக்கக்கூடாது," என்றா. "மூத்தவனைப் பறிகுடுத்தது காணும்."

"அக்கா, நெஞ்சு கல்லு மாதிரிக் கட்டி நோகுது," என்று சின்னம்மா அழுதா.

அம்மா முற்றத்து மல்லிகைப் பூவை அள்ளிக்கொண்டு வந்து, பால் வற்றுவதற்காகச் சின்னம்மாவின் நெஞ்சில் வைத்துச் சீலைத் துணியால் இறுக்கிக் கட்டினா. இரண்டு நாளில் அந்தப் பூக்கள் வாடிப் பழுப்பாகி, வியர்வையும் பாலும் சேர்ந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எனக்கு மல்லிகைப் பூ வைக்கப் பிடிக்காது. என் பிள்ளைகள் அதை ஒரு கிறுக்கு என்று நினைக்கிறார்கள்.

பிள்ளைக்குப் பால்மா. அதை அம்மாவே கரைத்தா. வேறு யாரையும் தொடவிட மாட்டா. தண்ணீரைக் கேத்திலில் வைத்து, கொதித்த பிறகும் இறக்காமல், இன்னும் கொதிக்கட்டும் இன்னும் கொதிக்கட்டும் என்று அடுப்புக்கு முன்னாலேயே குந்தியிருப்பா. கேத்திலில் நிரப்பியது அரைவாசியாய் வற்றிய பிறகுதான் இறக்குவா. கிருமி ஒன்றும் தப்பக்கூடாது என்று சொல்லுவா. சூப்பிப் போத்தலையும் கொதிதண்ணீரில் போட்டுப் போட்டு, அதன் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. தன் சொந்தப் பிள்ளைகளான எங்களுக்குக்கூட அவ அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

கண்ணூறு படும் என்று பிள்ளையையும் சின்னம்மாவையும் எங்கள் வீட்டு உள் அறையில் வைத்திருந்தார்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளியாட்கள் யாருக்கும் காட்டுவதில்லை. தினமும் எங்கள் விறாந்தையில் இருந்து சாப்பிட்ட டொக்டரம்மாவுக்கு, ஒரு சுவருக்கு அப்பால் அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

ஒரு பின்னேரம் கல்லுக்காரர் எங்கள் முற்றத்துக்கே மரச்சட்டத்தைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீர்களைப் பார்த்தார். ஊரின் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயில். ஏதோ ஒரு பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் குலுக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ரோசா நிறமாக மாறியது. ஒன்றில் மெல்லிய ரோசா. இன்னொன்றில் கொஞ்சம் கூட. கோயில் கிணற்றுத் தண்ணீர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கடும் நிறம், செவ்வரத்தம் பூ மாதிரி. நானும் தம்பியும் கை தட்டினோம்.

"எங்கடை கிணத்துத் தண்ணிதான் வடிவு," என்று அப்பாவும் சிரித்தார். "ஊருக்குள்ளை நல்ல தண்ணி எண்டு எல்லாரும் வந்து அள்ளிறது சும்மாவே?"

கல்லுக்காரர் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு போய் எங்கள் சுவரைத் தடவிப் பார்த்தார். தான் தேடி வந்தது கிடைத்துவிட்ட ஒரு திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

பூச்சிக்காரரும் அதே கிழமைதான் எங்கள் கிணற்றில் வலை இறக்கினார். வலை வெறுமையாக வந்தது. இன்னொரு முறை இறக்கினார். அப்போதும் வெறுமை.

"இதுக்குள்ளை ஒண்டும் சீவிக்கேல்லை," என்று அம்மாவிடம் சொன்னார்.

"எப்பிடிச் சீவிக்கும்? நாங்கள் அவ்வளவு துப்புரவாய் வைச்சிருக்கிறம்," என்று அம்மா பெருமையாகச் சொன்னா. அவர் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வலையை மடித்தார்.

இவற்றையெல்லாம் இப்போது அடுத்தடுத்துச் சொல்லுகிறேன். அன்றைக்கு அவை ஒன்றோடொன்று சேராத தனித்தனி வேடிக்கைகள்.

உள் அறையில் பிள்ளை கறுக்கத் தொடங்கியிருந்தது. முதலில் நான்தான் கண்டேன் என்று நினைக்கிறேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது அவன் சொண்டு. அம்மாவிடம் சொன்னேன். "தேப்பன்ரை நிறம். உனக்கென்ன தெரியும், போ," என்றா. ஆனால் சொல்லும்போது அவவின் குரல் சரியாயில்லை. அன்றிலிருந்து தண்ணீர் இன்னும் கூடக் கொதித்தது. சின்னம்மா பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு கிடந்தா. சாப்பிட மாட்டா, கதைக்க மாட்டா. வீட்டில் எல்லோரும் மெல்லக் கதைத்தார்கள். கிணற்றடியில் மிதவையின் உருளை கிறீச் கிறீச் என்று சுற்றுவது மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும்.

விரல் குத்துகிற முறை என் வகுப்புக்கு வந்தது. டொக்டரம்மா என் துளியைக் கடதாசியில் ஒற்றினா. நல்ல சிவப்பு. "கெட்டிக்காரி," என்றா. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் நான் கதைத்துக்கொண்டே போனேன். "எங்கடை சின்னத் தம்பிக்கும் குத்துவியளோ? அவன்ரை சொண்டு மசி மாதிரி நீலம்."

அவ கை நின்றது. "எந்தத் தம்பி?"

"உள்ளுக்கை இருக்கிறவன். பால்மாக் குடிக்கிறவன்."

அன்றைக்கு மத்தியானம் நாலு பேரும் சாப்பிட வந்தபோது டொக்டரம்மா கை கழுவவில்லை. நேரே அம்மாவிடம் போனா.

"உங்கடை வீட்டிலை ஒரு கைக்குழந்தை இருக்காம். நான் ஒருக்காப் பாக்கலாமோ?"

"பிள்ளை நித்திரை," என்றா அம்மா. அறை வாசலை மறைத்துக்கொண்டு நின்றா.

"நித்திரை எண்டாலும் பரவாயில்லை."

"வேண்டாம் அம்மா. குறை நினையாதேங்கோ. எங்களுக்கு ஒண்டு போனது காணும்."

அப்போது அறைக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. சின்னம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றா. பல நாளாய் எண்ணெய் காணாத தலை. அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்லியறியாத மனுஷி அவ. அம்மாவின் தோளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து, பிள்ளையை டொக்டரம்மாவின் கையில் வைத்தா.

"பாருங்கோ," என்றா. "என்ன எண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ."

வெயிலில் அந்தப் பிள்ளையைப் பார்த்தபோதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அறையின் இருட்டு எவ்வளவை மறைத்திருந்தது! உடம்பு முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஒரு நீலம். கண் பாதி திறந்திருந்தது. குதிக்காலில் ஊசி குத்தியபோது அழவில்லை, முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். டொக்டரம்மா துளியைக் கடதாசியில் ஒற்றினா. கோப்பித் தூளைக் கரைத்து விட்ட மாதிரி மண்ணிறம். அவ கடதாசியைக் காற்றில் ஆட்டினா. காத்திருந்தா. திரும்ப ஆட்டினா. சிவக்கவில்லை.

நிமிர்ந்து கல்லுக்காரரைப் பார்த்தா. "இந்தக் கிணத்துத் தண்ணியிலை என்ன கண்டனீங்கள்?"

அவர் சோற்றுக் கையோடு எழும்பினார். "நைத்திரேற்று. பசளை உப்பு. சுவரிலை பூக்கிறதும் அதுதான். ஊரிலை இந்தக் கிணத்திலைதான் ஆகக் கூட."

"எப்பவிருந்து தெரியும்?"

"வந்த கிழமையே தெரியும்." சோறு ஒட்டிய கையைப் பார்த்தார். "நான் சுவருக்குத்தான் பாத்தனான்."

இலைகளில் சோறு பாதியில் கிடந்தது. மட்டம் அளந்தவர்தான் முதலில் ஓடிப்போய் ஜீப்பை எடுத்தார்.

டொக்டரம்மாவும் சின்னம்மாவும் பிள்ளையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மாவும் ஏற வந்தா. சின்னம்மா ஜீப்புக்குள்ளேயிருந்து, "நீங்கள் நில்லுங்கோ அக்கா," என்றா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மா ஏறவில்லை. ஜீப் போன பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றா.

ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று பிறகு சின்னம்மா சொல்லக் கேட்டதுதான். உடுப்புக்குப் போடுகிற நீலத்தைவிடக் கடுமையான ஒரு நீல மருந்தை, நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளைக்கு ஊசியால் ஏற்றினார்களாம். சின்னம்மா கத்தப் பார்த்தாவாம், டொக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாவாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொண்டு சிவந்ததாம். பிறகு அவன் அழுதானாம். "அவன் பிறந்த பிறகு அப்பிடி ஒரு அழுகையை நான் கேக்கேல்லை," என்று சின்னம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா.

சில நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்தது. டொக்டரம்மா வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து எல்லோருக்கும் விளங்கப்படுத்தினா. தோட்டத்துக்கு எறிகிற உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே போகிறது. கல்லுக்காரர் அதைக் காட்டுவதற்கு எங்கள் கிணற்றடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, அதன்மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினார். எங்கள் வீடெல்லாம் கட்டியிருந்த அந்தக் கல், நாங்கள் இரும்பு மாதிரி என்று நினைத்த கல், பஞ்சு மாதிரிக் குடித்தது. கீழ்ப்பக்கத்தால் சொட்டத் தொடங்கியது. பெரியவர்களின் உடம்பு அந்த உப்பைத் தாங்கும், கைக்குழந்தைக்குத் தாங்காது, இரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் போய்விடும் என்று டொக்டரம்மா சொன்னா.

"நாங்கள் எல்லாரும் இந்தத் தண்ணியிலைதானே வளந்தனாங்கள்?" என்று அப்பா கேட்டார். குரல் உயர்ந்திருந்தது. "என்ரை அப்பு குடிச்சது, நான் குடிச்சது."

"உங்கடை அப்பு எத்தினை மூட்டை உரம் எறிஞ்சவர் ஐயா?" என்று மட்டம் அளந்தவர் கேட்டார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா. "நான் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான் டொக்டர்," என்றா. "ஒருநாளும் பச்சைத் தண்ணி குடுக்கேல்லை."

டொக்டரம்மா எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும். "கொதிக்க வைச்சால் கிருமி சாகும்," என்றா. "உப்பு சாகாது. தண்ணி வத்த வத்த உப்புத்தான் கூடும்."

அம்மா தலையை ஆட்டினா. பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தைக் கேட்டுத் தலையாட்டுகிற மாதிரி, திரும்பத் திரும்ப.

"அப்ப என்னத்தைக் குடுக்கிறது?" என்று சின்னம்மா கேட்டா.

"கொஞ்ச நாளைக்குக் கோயில் கிணத்துத் தண்ணி. அது தோட்டங்களுக்கு மேட்டுப்பக்கம், இன்னும் கெடேல்லை. ஆனால் நல்லது உங்கடை பால்தான். அதுக்குள்ளை இந்த உப்பு அவ்வளவாய்ப் போகாது. வத்திப்போனாலும் பிள்ளையை நெஞ்சிலை வைக்க வைக்கத் திரும்ப வரும்."

சின்னம்மா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, யாரும் எதிர்பாராத அந்தக் கேள்வியைக் கேட்டா.

"மூத்தவனும் உப்பிடித்தான் நீலம் பாரிச்சவன். அவனுக்கும் பால்மா கரைச்சுக் குடுத்தது. அவனும் இந்தத் தண்ணியாலையோ போனவன்?"

டொக்டரம்மா முதலில் அம்மாவைப் பார்த்தா. "நான் அந்தப் பிள்ளையைப் பாக்கேல்லை. நிச்சயமாய்ச் சொல்லேலாது."

"நிச்சயம் வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"ஓம்," என்றா டொக்டரம்மா. "அப்பிடித்தான் நினைக்கிறன்."

சின்னம்மா அழவில்லை. அந்தப் பிள்ளை போன நாளிலிருந்து யாரும் வாயால் எடுக்காத அவன் பேரை, ஒருமுறை, சத்தமாய்ச் சொன்னா. பக்கத்து அறையில் இருக்கிற ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அம்மா குசினிக்குள் போய்விட்டா. நான் எட்டிப் பார்த்தேன். எரியாத அடுப்புக்கு முன்னால், எப்போதும் குந்துகிற இடத்தில் குந்தியிருந்தா.

மழை தொடங்க முதல் ஜீப் போய்விட்டது. நாலு பேரும் தங்கள் தங்கள் பெட்டிகளோடு போனார்கள். என்னவோ அறிக்கை எழுதுவார்கள், அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சொன்னார்கள். நான் அறிய யாரும் வரவில்லை. அப்பா தினமும் சைக்கிளில் கோயில் கிணற்றுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மழையோ வெயிலோ ஒரு நாளும் தவறவில்லை. அதே அப்பா, மாரி பிடித்ததும் வழக்கம் போல உர மூட்டைகளை இறக்கினார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. "எறியாட்டில் என்னத்தை விளைவிக்கிறது? எல்லாரும் எறியினம்தானே," என்றார் அவர், யாரும் கேட்காமலே. இதை நான் இத்தனை வருஷமாய் யோசித்துப் பார்க்கிறேன். அப்பா கெட்ட மனுஷனில்லை. ஒரு கையால் தண்ணீர் சுமந்தார், மற்றக் கையால் உரம் எறிந்தார். அவருக்கு இரண்டும் பிள்ளைகளுக்காகத்தான்.

அந்தத் தம்பி பிழைத்தான். சின்னம்மாவுக்குப் பாலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவன் இன்றைக்குப் பேரன் கண்ட மனுஷன். ஆனால் கீழே இருந்த தண்ணீருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. இப்போது நாங்கள் எல்லோரும் கடையில் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். ஏன் என்று நாங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுமில்லை, அவர்கள் கேட்பதுமில்லை.

கடைசியாக ஒன்று. அதே மாரியில் எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல், அதனால் பிள்ளைக்குப் பால்மா என்று கேள்விப்பட்டதும் சின்னம்மா எழும்பிப் போனா. அவர்களுடைய கிணறும் தோட்டத்துக்குள்தான். படலையடியில் நின்று கூப்பிட்டா. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். "பிள்ளைப்பெத்த வீட்டுக்கு உவள் ஏன் வாறாள்?" என்று சொன்னது ஒழுங்கைக்கே கேட்டது. சின்னம்மா திரும்பி வந்தா. அடுத்த நாளும் போனா. அன்றைக்கும் அப்படித்தான்.

மூன்றாம் முறை அவ வெளிக்கிட்டபோது அம்மா முகத்தைக் கழுவி, நல்ல சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தா. சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. நான் பின்னால் போனேன். மழை விட்டு, ஒழுங்கை முழுக்கச் செம்மண் சேறு. எங்களைக் கண்டதும் அக்கம்பக்கத்து வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன.

அம்மா படலைக்கு முன்னால் நின்றா. என் வாழ்க்கையில் அம்மா சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"பிள்ளையைச் சாகக் குடுத்தது என்ரை தங்கச்சி இல்லை. நான். நான்தான் என்ரை கையாலை கரைச்சுக் குடுத்தனான். அவளின்ரை பாலிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் கேக்கிறியளோ? அவளை உள்ளுக்கு விடுங்கோ. அவள் சொல்லிறதைக் கேளுங்கோ."

கொஞ்ச நேரம் கழித்துப் படலை திறந்தது. பிள்ளையின் தாய்தான் திறந்தா, காய்ச்சலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. அந்தப் பிள்ளை பிழைத்தாள். உங்களில் பலருக்கு அவளைத் தெரியும்.

சின்னம்மா உள்ளே போனா. அம்மாவையும் வரச் சொன்னார்கள். அம்மா போகவில்லை. சேற்றில் கால் புதைய, வெளியிலேயே நின்றா.